அவளுக்கு அப்பன் நான் ஒருத்தன்தான்

மேடம்,

நேற்று மாலை வகுப்பில் போர்டு மார்க்கரின் மூடியைத் திறந்தேன். அந்த ஸ்பிரிட் வாடை மூக்கில் ஏறியதும் நீங்கள் வந்துவிட்டீர்கள். கீழ்வேளூரில் ஒரு மாடி அறையை வாடகைக்கு எடுத்து, பள்ளிக்கூடம் விட்டு வரும் பெண்பிள்ளைகளுக்கு ஆங்கிலம் சொல்லிக் கொடுக்கிறேன். நேற்றைய பாடத்தில் வெள்ளத்தில் சிக்கியவர்களைத் தீயணைப்பு வீரர்கள் மீட்டார்கள் என்று ஒரு வாக்கியம் இருந்தது. 'ரெஸ்க்யூ' என்று போர்டில் எழுதினேன். உடனே அழித்துவிட்டு அடுத்த சொல்லுக்குப் போனேன். ஏன் என்று பிள்ளைகள் யாரும் கேட்கவில்லை.

நீங்கள் போய் ஒரு மாதம்கூட ஆகவில்லை. செத்தவர்களைப் பற்றிக் கெட்டது பேசக்கூடாது என்பார்கள். நான் பேசவில்லை, எழுதுகிறேன்.

மேடம் என்று கூப்பிட்டால் உங்களுக்குப் பிடிக்காது. "அக்கான்னு கூப்பிடு. நமக்குள்ள ஹையரார்க்கி வேணாம்" என்றீர்கள், முதல் நாளே. அந்தச் சொல் எனக்குப் புரியவில்லை. மேல், கீழ் என்று கையால் காட்டி விளக்கினீர்கள். அப்போது உங்கள் ஜீப்பை ஓட்டிவந்தவர் வெளியே வெயிலில் நின்றுகொண்டிருந்தார். உங்களைவிட வயதில் மூத்தவர். கடைசிவரைக்கும் அவருக்கு உங்கள் வாயில் 'டிரைவர்' என்பதுதான் பெயர். அதையெல்லாம் அன்று நான் கவனிக்கவில்லை. பெண்களுக்கான தொண்டு நிறுவனம் நடத்த மெட்ராஸிலிருந்து வந்த ஒருவர் எங்கள் தெருவில் தரையில் உட்கார்ந்து டீ குடித்ததே எனக்குப் பெரிதாக இருந்தது. அக்கா என்றே கூப்பிட்டேன்.

சாயங்காலங்களில் சமுதாயக்கூடத்தில் வெள்ளை போர்டை நிறுத்தி எங்களுக்குச் சொற்கள் சொல்லிக் கொடுத்தீர்கள். ஜெண்டர், கன்சென்ட், ஈக்குவாலிட்டி, வயலன்ஸ், வாய்ஸ். நடவு முடிந்து கால் சேறு காயாமல் வந்து உட்காரும் பெண்கள் வாய்விட்டுச் சிரிப்பார்கள். 'ஜெண்டர்' என்றதும் ஒருத்தி, "வாய்க்கா தூர் வாருவாங்களே, அந்த டெண்டராக்கா?" என்று கேட்டாள். வேண்டுமென்றே கேட்டாள். அவளுக்கு வேடிக்கை செய்ய வரும். நீங்களும் சிரித்தீர்கள். ஆனால் அதற்குப் பிறகு எந்த ஊர் மேடையில் ஏறினாலும் அதைச் சொல்லி, எங்கள் அறியாமைக்கு உதாரணம் காட்டினீர்கள்.

சொற்கள் எனக்குப் பிடித்திருந்தன. அதை மறைக்க மாட்டேன். நான் பட்டதற்கெல்லாம் யாரோ எங்கேயோ உட்கார்ந்து பெயர் வைத்திருக்கிறார்கள் என்பதே எனக்கு ஆச்சரியம். கணவன் அடிப்பது 'விதி' என்றும் 'உன் வாய் சும்மா இருக்காது' என்றும்தான் அதுவரை எனக்குச் சொல்லப்பட்டிருந்தது. வயலன்ஸ் என்று ஒரு சொல்லில் அதைப் பிடித்துப் போர்டில் எழுதினீர்கள். அவன் மேல் புகார் கொடுக்க மகளிர் காவல் நிலையத்தில் என்னோடு ஒரு பகல் முழுக்க உட்கார்ந்திருந்ததும், பிறகு உங்கள் ஆபீஸில் எனக்கு வேலை கொடுத்ததும் நீங்கள்தான். அதற்காகத்தான் உங்கள் மேல் எனக்கு இத்தனை கோபம். ஒன்றுமே செய்யாதவராக இருந்திருந்தால் உங்களை நான் என்றைக்கோ மறந்திருப்பேன்.

என் கதை உங்களுக்கு நன்றாகத் தெரியும். நானே உட்கார்ந்து சொன்னேன், நீங்கள் தலையாட்டிக் கேட்டீர்கள். கல்யாணமான முதல் பொங்கலுக்கு அப்பா சீர் கொண்டுவந்தார். கரும்புக் கட்டு, மஞ்சள் கொத்து, வெல்லம், புதுப்பானை எல்லாம் சைக்கிளில் கட்டிக்கொண்டு வந்து வாசலில் இறக்கினார். வலது கை வீங்கியிருந்ததால் தண்ணீர்ச் செம்பை இடது கையால் நீட்டினேன். அப்பா என் கையைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார். தண்ணீரை வாங்கவில்லை. "ஏறும்மா சைக்கிள்ல" என்றார். சீர் அந்த வாசலிலேயே கிடந்தது. போகி அன்றைக்குப் பெண் பிறந்தவீட்டுக்கு வந்து இறங்கியதை ஊரே நின்று பார்த்தது. நாலு நாள் கழித்துக் கொண்டுபோய் விட்டுவிட்டு வாருங்கள் என்று அம்மா அழுதாள். "அவ இனிமே அங்க போமாட்டா. யாரு கேட்டாலும் நான் சொல்லிக்கிறேன்" என்றார் அப்பா. வயல் வேலைக்குப் போன இடத்தில் பெண்ணை வாழாவெட்டியாக வைத்திருக்கிறான் என்று அவர் காதுபடவே பேசினார்கள். அதற்காக அவர் என்னிடம் ஒரு நாளும் முகம் சுளித்ததில்லை.

நீங்கள் எங்கள் ஊருக்கு வந்ததே அதற்கும் ஒரு வருஷம் கழித்துத்தான்.

தஞ்சாவூரில் அந்த ஓட்டல் ஹாலில் நடந்த கூட்டத்துக்கு வருவோம். உங்களுக்குப் பணம் கொடுக்கும் ஆட்கள் வெளிநாட்டிலிருந்து வந்திருந்தார்கள். ஊர்களிலிருந்து வேன் வைத்து எங்களை அழைத்துப்போனீர்கள். "உன் அப்பாவையும் கூட்டிட்டு வா, குடும்பமா வந்தா நல்லாருக்கும்" என்று சொன்னதும் நீங்களே. அப்பா சலவை வேட்டி கட்டிக்கொண்டு மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தார். ஏசி ஒத்துக்கொள்ளாமல் துண்டைத் தோளில் இழுத்துப் போர்த்திக்கொண்டிருந்தார். என்னை மேடையில் உங்கள் பக்கத்திலேயே உட்காரவைத்தீர்கள்.

அதற்கு முன்பும் என்னைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நீங்கள் ஆங்கிலத்தில் பேசியிருக்கிறீர்கள். வேகமாகப் பேசுவீர்கள், எனக்கு அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் காதில் விழும். அன்றைக்கு வந்தவர்களுக்கு ஆங்கிலம் தாய்மொழி இல்லை. அவர்களுக்காக நிறுத்தி நிறுத்தி, எளிய சொற்களாகப் பொறுக்கிப் பேசினீர்கள். எல்லாம் நீங்கள் எனக்குப் போர்டில் எழுதிக்காட்டிய சொற்கள். ஒன்றுவிடாமல் புரிந்தது.

இவளுடைய அப்பா ஒரு குடிகாரர் என்றீர்கள். கடனுக்குப் பதிலாக இவளைக் கட்டிக்கொடுத்தார், அடிபட்டு ஓடிவந்த ஒவ்வொரு முறையும் திருப்பி அனுப்பினார், இவளுக்கு வாய்ஸ் இல்லை, நாங்கள்தான் ரெஸ்க்யூ செய்தோம் என்றீர்கள். என் தோளில் கை வைத்தீர்கள். எல்லோரும் கைதட்டினார்கள். மூன்றாவது வரிசையில் அப்பாவும் கைதட்டினார். மகளை ஏதோ பாராட்டுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டு, பக்கத்திலிருந்தவரிடம் என்னைக் காட்டிச் சிரித்தபடியே தட்டினார்.

மேடம், நீங்கள் செய்த மற்ற எல்லாவற்றையும் நான் விட்டுவிடுவேன். அந்தக் கைதட்டலை எப்படி விடுவது?

எழுந்து மைக்கைப் பிடித்தேன். "நாட் ட்ரூ" என்றேன். "மை ஃபாதர் பிராட் மீ ஹோம்." அதற்கு மேல் ஆங்கிலம் வரவில்லை. "அப்பா, எந்திரிங்க" என்று தமிழில் சொன்னேன். எதற்கென்று தெரியாமலே எழுந்து, துண்டை இறக்கிவிட்டுக் கும்பிட்டார். முன்வரிசையில் இருந்த ஒரு வெள்ளைக்கார அம்மாள் அவரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். நீங்கள் மைக்கை மெதுவாக என் கையிலிருந்து எடுத்தீர்கள். "ஷி இஸ் எமோஷனல். இட்ஸ் ட்ராமா" என்று அவர்களிடம் சொன்னீர்கள், கண்ணைக்கூடத் துடைத்துக்கொண்டு. ட்ராமா என்ற சொல்லை எனக்குச் சொல்லிக் கொடுத்தபோது, 'பேசவிடாமப் பண்ற காயம்' என்று விளக்கம் சொன்னீர்களே. அதே சொல்லால் என் வாயை அடைத்தீர்கள்.

வேனில் ஏறாமல் நானும் அப்பாவும் பஸ் பிடித்தோம். நீடாமங்கலம் ரயில்வே கேட்டில் பஸ் நின்றது, டிரைவர் இன்ஜினை அணைத்தார். அந்த அமைதியில் அப்பா கேட்டார்.

"என்னம்மா, எதுக்கு என்ன எந்திரிக்கச் சொன்ன? அந்தம்மா என்னப் பத்தி என்னமோ சொன்னாங்களா?"

மறைக்க முடியவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். தண்டவாளத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். கேட் திறந்து பஸ் கிளம்பிய பிறகு ஒன்றே ஒன்றைத்தான் கேட்டார்: "நான் குடிப்பேன்னா சொன்னாங்க?"

வெற்றிலையைத் தவிர எதையும் தொடாத மனுஷன்.

மறுநாள் என்னிடம் சொல்லாமலே நாகப்பட்டினத்துக்கு, உங்கள் ஆபீஸுக்குப் போனார். விஷயம் தெரிந்து நான் பின்னாலேயே ஓடிவந்தபோது உங்கள் மேஜைக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தார். மேஜைமேல் என் படம் போட்ட உங்கள் ஆண்டறிக்கை கிடந்தது. உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. டீயைத் தொடவில்லை.

"எங்கெங்க எழுதிருக்கீங்களோ அங்கல்லாம் அழிச்சிடுங்கம்மா" என்றார்.

"பெரியவரே, இது உங்களப் பத்தி இல்ல. உங்க பேர நாங்க எங்கயும் போடல. இது ஒரு நேரேட்டிவ். ஆயிரம் பொண்ணுங்களோட கதை."

"எம்பேரு போடலன்னா என்னம்மா? படத்துல இருக்கறது எம்மவ. அவளுக்கு அப்பன் நான் ஒருத்தன்தான?"

நீங்கள் பேனாவை மூடித் திறந்துகொண்டிருந்தீர்கள். "சரி, மாத்திடறோம்" என்றீர்கள். வெளியே வந்ததும் என்னை மட்டும் கூப்பிட்டு, "பி பிராக்டிகல். அந்தக் கதையாலதான் இந்த ஆபீஸே நடக்குது" என்றீர்கள். அடுத்த மாதம் ரீஸ்ட்ரக்சரிங் என்று இன்னொரு புதுச் சொல் சொன்னீர்கள். அதற்கு அர்த்தம், நாளையிலிருந்து நீ வேலைக்கு வர வேண்டாம் என்பது.

நீங்கள் எதையும் மாற்றவில்லை. உங்கள் இணையதளத்தில் என் படமும் குடிகாரத் தகப்பனும் இத்தனை வருஷமும் அப்படியே இருந்தார்கள். நீங்கள் இறந்ததும் அஞ்சலிப் பக்கத்தின் உச்சியில் அதையே தூக்கி வைத்தார்கள். நினைவுக்கூட்டத்துக்கு என்னைப் பேசக் கூப்பிட்டார்கள். "மேடத்தோட முதல் சக்சஸ் ஸ்டோரி நீங்கதானேக்கா" என்றாள் போனில் ஒரு சின்னப் பெண். இப்போது அவள்தான் அங்கே பொறுப்பாம். நான் வரவில்லை என்றேன். ஏன் என்று கேட்டாள். சொன்னேன். "அய்யோ, ஒரு நிமிஷம் இருங்கக்கா" என்றாள். கீபோர்டு தட்டும் சத்தம் கேட்டது. "எடுத்துட்டேன். பாருங்க."

பார்த்தேன். இல்லை.

அவ்வளவுதானா மேடம்? போனை வைக்கக்கூட இல்லை, அதற்குள் ஆகிவிட்டது. இவ்வளவு சுலபமான ஒன்றைத்தானா என் அப்பா மேஜைக்கு முன்னால் நின்று உங்களிடம் கேட்டார்? உங்கள் மேல் இருந்த கோபம் தணியும் என்று நினைத்தேன், இரண்டு பங்கானது.

வீட்டுக்குப் போய் அப்பாவிடம் சொன்னேன். கண் புரை அறுவை முடிந்து கறுப்புக் கண்ணாடியோடு படுத்திருந்தார். "எடுத்துட்டாங்களா? சரி" என்றார். இவ்வளவு காலம் உங்கள் பொய்யிலிருந்து அவரைக் காப்பாற்றிக்கொண்டே இருந்ததில், அவரிடம் நான் கேட்க வேண்டியதைக் கேட்காமலே விட்டிருந்தேன். உங்கள் கதையில் அவர் ராட்சசன். அதனால் என் கதையில் அவர் சாமியாக இருந்தாக வேண்டியிருந்தது. அதுவும் நீங்கள் செய்த வேலைதான்.

"அப்பா, கன்சென்ட்டுன்னு ஒரு வார்த்தை இருக்கு. ஒருத்தர் சம்மதத்தக் கேக்கறது. அந்த மாப்ளைய நீங்க பேசி முடிச்சப்ப என்ன ஒரு வார்த்த கேட்டீங்களா?"

தூங்கிவிட்டாரோ என்று குனிந்து பார்த்தேன். கறுப்புக் கண்ணாடிக்குக் கீழே கண்ணீர் இறங்கியிருந்தது. அறுவை செய்த கண், அழக்கூடாது என்று துண்டை எடுத்து ஒற்றினேன்.

"கேட்டிருக்கணும்தாம்மா" என்றார். "கேக்கணும்னே எனக்குத் தோணல."

கேட்டிருந்தால் அதை அவர் உங்களிடமும் சொல்லியிருப்பார் மேடம். அவரை நீங்கள் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. அந்தச் சொற்களெல்லாம் இப்போது என்னிடம் இருக்கின்றன, பிள்ளைகளுக்குத் தினமும் சொல்லிக்கொடுக்கிறேன். உங்களை நான் மன்னிக்கவில்லை.