இடது காதில் நிற்காத ஒத்து

ஐயா,

இன்று காலை அதே தெருவில், அதே பெரிய வீட்டு வாசலில் தேர் நின்றபோது, என் தோளில் ஒரு பட்டுத் துண்டைப் போர்த்தினார்கள். போர்த்தியவர் அந்த வீட்டுக்காரரின் மகன். "வாசிப்பு பிரமாதங்கண்ணே" என்றார். கூட்டம் கை தட்டியது. என் கை மட்டும் தானாக இடது கன்னத்துக்குப் போய்விட்டது. பத்து வருடம் ஆகியும் அந்தக் கன்னம் உங்கள் உள்ளங்கையை மறக்கவில்லை.

உங்கள் படத்துக்கு மாலை போட்டுவிட்டு, நீங்கள் அன்பே உருவானவர் என்று பேசுகிறார்கள். நான் அப்படிப் பொய் எழுத மாட்டேன். உங்களுக்கு வாய்க்கு முன்னால் கை பேசும். ராகத்தில் ஒரு பிடி நழுவினால் போதும், பக்கத்தில் கிடப்பது எதுவானாலும் பறந்து வரும். செம்பு, செருப்பு, ஒருமுறை சுடச்சுடக் காப்பி டம்ளர். "ஒனக்குக் காது எதுக்குடா? கடுக்கன் போடவா?" என்பீர்கள். பிறகு நாகஸ்வரத்தை எடுத்து அந்த இடத்தை ஒரே ஒரு தடவை வாசித்துக் காட்டுவீர்கள். அடி வாங்கியதே நியாயம்தான் என்று தோன்றிவிடும். அதுதான் எனக்கு இன்றும் கோபம்.

அந்தத் தேரோட்டத்தின்போது எனக்கு இருபத்திரண்டு வயது. நீங்கள் நாகஸ்வரம், நான் உங்களுக்கு ஒத்து. தேர் நிலைக்கு வரும்வரை ஒத்துக் குழலில் ஒரே சுரத்தை இடைவிடாமல் ஊதிக்கொண்டிருப்பது என் வேலை. கீரமங்கலத்துக்குத் தெற்கே உள்ள அந்த ஊரில் ஒரு வழக்கம் இருந்தது. பெரிய வீட்டு வாசல் வந்ததும் நம்மைப் போன்றவர்கள் தோள் துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டுதான் வாசிக்க வேண்டும். முந்தின வருடம் நீங்களும் கட்டினீர்கள்.

"அன்னிக்கு அவுங்க வாசல்ல துண்டை எடுத்தேன். மூணு நாளைக்குச் சோறு எறங்கலைடா. இந்த வருசம் எடுக்கப் போறதில்ல. என்ன நடந்தாலும் நீ ஒத்தை மட்டும் விட்ராத" என்றீர்கள். நான் பலமாகத் தலையாட்டினேன்.

வாசல் வந்தது. நீங்கள் தோடியின் உச்சியில் இருந்தீர்கள். படியிலிருந்து கம்போடு நான்கு பேர் இறங்கினார்கள்.

"துண்டை எட்றா!"

நீங்கள் கண்ணைத் திறக்கவில்லை. முதல் அடி முழங்காலுக்குப் பின்னால் விழுந்தது. கால் மடங்கியது, சுரம் மடங்கவில்லை. அடுத்தது தோளில். வெள்ளைத் துண்டு சிவந்துகொண்டே வந்தது. அப்போதுதான் நான் அதைச் செய்தேன். ஒத்தைக் கீழே வைத்தேன். உங்கள் தோளிலிருந்து துண்டை நானே உருவி உங்கள் இடுப்பில் சுற்றினேன். "கட்டியாச்சுங்க, ஐயாவை விட்ருங்க சாமி" என்று கும்பிட்டேன். கம்புகள் நின்றன.

உங்களைக் காப்பாற்றிவிட்டதாகவே நினைத்தேன். நீங்கள் நாகஸ்வரத்தை இடது கைக்கு மாற்றி, வலது கையால் என்னை அறைந்தீர்கள். காதுக்குள் ஏதோ கிழிந்தது. இடுப்பிலிருந்த துண்டை அவிழ்த்து, உதறி, மறுபடியும் தோளில் போட்டுக்கொண்டீர்கள்.

"ஒத்தைப் புடிடா."

பிடித்தேன். காதிலிருந்து கழுத்துக்குச் சூடாக ரத்தம் இறங்க இறங்க ஊதினேன். நீங்கள் விட்ட இடத்திலிருந்து தோடியைத் தொடங்கினீர்கள். இந்த முறை அவர்கள் காலையும் தோளையும் தேடவில்லை. நாகஸ்வரத்தின் சீவாளி வாய்க்குள் இருக்கும்போதே ஒருவன் கம்பின் நுனியால் உங்கள் வாயில் இடித்தான். முன்பற்கள் மூன்று மண்ணில் விழுந்தன. நாகஸ்வரம் நின்றது. நீங்கள் தரையில் உட்கார்ந்து ரத்தத்தைத் துப்பியபடி என்னைப் பார்த்து விரலை ஆட்டினீர்கள். ஊது என்று அர்த்தம். தேர் இழுத்தவர்கள் வடத்தைப் போட்டுவிட்டு ஓடிவந்து அந்த நால்வரையும் புழுதியில் தள்ளி மிதித்தார்கள். அதுவரைக்கும் நான் ஊதிக்கொண்டே இருந்தேன்.

அதற்குப் பிறகு உங்களால் வாசிக்க முடியவில்லை. உதடு சேராமல், பல் போன சந்தில் காற்றுப் போகப் போக, பாடியே எனக்கு எல்லாவற்றையும் கொடுத்தீர்கள். கடைசி மாதம்வரை செம்பும் பறந்தது. அந்த நாளைப் பற்றி நீங்கள் ஒரு வார்த்தை பேசியதில்லை, நானும் கேட்டதில்லை. ஆனால் அன்றிலிருந்து என்னிடம் எது சொல்வதானாலும், திட்டுவதானாலும்கூட, நொண்டிக் காலை இழுத்துக்கொண்டு சுற்றி என் வலது பக்கம் வந்துதான் சொன்னீர்கள். உங்களை எரித்துவிட்டு வீடு திரும்பும்போதுதான் இது எனக்கு உறைத்தது. நடுரோட்டில் நின்று அழுதேன்.

இன்று அந்த மகனின் கையை முறுக்கிவிடலாமா என்றுகூட இருந்தது. செய்யவில்லை. பட்டுத் துண்டை மடித்து அவரிடமே கொடுத்தேன். பையிலிருந்து உங்கள் பழைய துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டேன்.

"இது என்னங்கண்ணே, இம்புட்டுக் கறை?"

"இந்த வாசல்ல ஆனதுதான் தம்பி. எம்புட்டுத் தொவைச்சும் போகல."

அவர் முகத்தை அங்கிட்டுத் திருப்பிக்கொண்டார். அன்று நின்ற இடத்திலிருந்து தோடியை எடுத்தேன்.

இடது காதில் அன்றிலிருந்து வெளிச் சத்தம் எதுவும் விழுவதில்லை. உள்ளே மட்டும் நம் சுருதியில் ஒரே சுரம், பகலும் இரவும். டாக்டர் அதற்கு மருந்து எழுதிக் கொடுத்தார். நான் வாங்கவில்லை. ஒத்தைக் கீழே வைத்தது அந்த ஒரே ஒரு முறைதான், ஐயா.