மேனேஜர் காலை நீட்டிப் படுத்தார்

கண்ணும்மா,

உன் முயல் மேனேஜர் இன்னைக்கு என் பக்கத்துல வந்து, காலை நீட்டிப் படுத்துத் தூங்கினார். அம்மாவே சாட்சி.

நீ சித்தி வீட்டுக்குப் போனதும் கூண்டைத் தேய்ச்சுக் கழுவி, அதுல கிடந்த உன் பழைய சட்டையையும் துவைச்சுட்டேன். உன் வாசனை போனதும் அவர் வாஷிங் மெஷினுக்குப் பின்னாடி போய் ஒளிஞ்சுக்கிட்டார். தீனியைத் தொடல. "வெளிய வா!"ன்னு மைதானத்துல கத்துற குரல்ல ஒரு அதட்டு போட்டேன். இன்னும் உள்ள போயிட்டார்.

முயலைப் பாக்குற டாக்டரம்மாகிட்டக் கேட்டேன். சிரிச்சாங்க. "துரத்தாதீங்க மாஸ்டர். ஒளிஞ்சுக்க ஒரு பெட்டி வைங்க, அதுக்குள்ள கை விடாதீங்க. சும்மா தரையில படுங்க, அதுவா வரும்."

பதினோரு நாள், ஸ்கூல் விட்டு வந்ததும் தரையில படுத்தேன். ஒரே விசில்ல இருநூறு பேரை நிக்க வைக்கிறவன், தும்மலைக்கூட அடக்கிக்கிட்டுக் கிடந்தேன். நம்ம ஸ்கூல் டீம் கோப்பை ஜெயிச்சப்பகூட எனக்கு இவ்வளவு பெருமை இல்லம்மா.

நீ உள்ள தாழ் போட்டுக்கிட்டு வெளிய வராத அன்னைக்குக் கோவத்துல நான் கழட்டின உன் ரூம் தாழ்ப்பாளைத் திரும்பப் பொருத்திட்டேன். உள்பக்கமாத்தான்.

நீ வர்ற அன்னைக்கு எதுவும் கேக்க மாட்டேன். தரையில உக்காந்திருப்பேன்.

விசிலைக் கழட்டி வெச்ச
அப்பா