மூன்றாவது மெட்டு

அன்பு மகள் ஜெபினிசோவுக்கு, புகாராவிலிருந்து அம்மா எழுதுவது. நீ அந்தக் கொரியாவில் நோய்நொடி இல்லாமல் இருக்க அல்லாஹ் காவல் இருக்கட்டும். இங்கே நாங்கள் இருக்கிறோம், நலம் என்று எழுதத்தான் கை வரவில்லை. ஃபோனில் சொல்லலாமென்றால் உன் அப்பா பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பார், அதனால்தான் அங்கே வேலைக்குத் திரும்புகிற பக்கத்து வீட்டு தில்பரின் மருமகன் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

நோன்புக்கு முன்னால் அப்பாவுக்குக் காய்ச்சல் வந்ததே, அது போய்விட்டது, ஆனால் காதைக் கெடுத்துவிட்டுப் போயிருக்கிறது. செவிடு இல்லை, நாம் பேசுவது எல்லாம் கேட்கிறது, சுரம் மட்டும் இடம் மாறிக் கேட்கிறது. ஒரு நாள் காலை தன்பூரை மடியில் வைத்து, அதன் நீளக் கழுத்தில் விரல் வைக்க நரம்பால் கட்டியிருக்கிற மெட்டுகளில் மூன்றாவதை அவிழ்த்து ஒரு கோதுமை மணி அளவு மேலே தள்ளிக் கட்டினார். உனக்குத் தெரியாததா, அந்த மெட்டில் வருகிற சுரம் பியானோவில் இரண்டு கட்டைக்கு நடுவே விழும், அதற்கென்று கட்டையே கிடையாது, "அந்த வீட்டுக்கு அவங்க வாசலே வைக்கலடி" என்று சிரிப்பார். சின்ன வயதில் அந்தச் சுரம் வந்தால் நீ வாயில் வைத்த ரொட்டியைக்கூட மெல்லாமல் உட்கார்ந்திருப்பாய், எனக்கு நெஞ்சை யாரோ மெதுவாகப் பிடித்து விட்ட மாதிரி இருக்கும். அன்று அது வரவில்லை, வெறும் சத்தம்தான் வந்தது. "சலோமத், இப்ப சரியா இருக்கா?" என்று கேட்டார். நோயில் கிடந்து எழுந்த மனுஷன் முகத்தைப் பார்த்து எப்படிச் சொல்வேன், இருக்கு என்றுவிட்டேன்.

அதே கையோடு கல்யாணத்துக்கு வாசிக்கப் போனார். பாடுகிற பராத் பாதியில் நிறுத்திவிட்டு, "உஸ்தாத், உங்க மெட்டு பியானோ கடைக்குப் போய்ட்டு வந்திருக்கு போல" என்றாராம். சபையே சிரித்தது, விளையாட்டுக்குச் சொல்கிறான் என்று அப்பாவும் சேர்ந்து சிரித்திருக்கிறார். வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போதுதான், "உனக்கும் அது தப்பாக் கேட்டிச்சா? கேட்டுமா சும்மா இருந்தே?" என்றார். நான் அவர் செருப்பை எடுத்து ஓரமாக வைத்தேன். டாக்டரிடம் போனோம், உள்நரம்பு கெட்டிருக்கிறது, மருந்து இல்லை என்று சொல்லிவிட்டார். அப்பா நம்பவில்லை. தினமும் கட்டுகிறார், அவிழ்க்கிறார், என்னிடம் கேட்பதே இல்லை. மாதக் கடைசியில் இன்னொரு கல்யாணத்துக்கு ஒப்புக்கொண்டும் விட்டார். "ஜெபி காது என் காது, வெள்ளிக்கிழமை அவ ஃபோன் பண்ணும்போது வாசிச்சுக் காட்டறேன், அவ சொல்லட்டும்" என்கிறார்.

சரியில்லை என்று நீ சொன்னால் அன்றோடு தன்பூரை ஆணியில் மாட்டிவிடுவார், அப்புறம் அந்த மனுஷனை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வேன். சரி என்று சொன்னால் மறுபடி சபையில் போய்ச் சிரிப்பு வாங்கிக்கொண்டு வருவார். இரண்டு வாரமாக யோசிக்கிறேன் மகளே, இதைச் சொல் என்று உனக்கு எழுத எனக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. தப்பு என்னுடையது, பாரத்தை உன் தலையில் வைக்கிறேன்.

வேளைக்குச் சாப்பிடு, ஈரத் தலையோடு வெளியே போகாதே. உன் கைக்கும் குரலுக்கும் பரக்கத் உண்டாகட்டும். வெள்ளிக்கிழமை மறக்காமல் கூப்பிடு, அவர் காலையிலேயே சட்டை மாற்றிக்கொண்டு காத்திருப்பார். நான் முற்றத்தில் துணி காயப்போடப் போய்விடுவேன்.

உன் அம்மா,
சலோமத்