நீ அனுப்பின நாலு நட்

அன்பு மகளுக்கு, அப்பா எழுதறது. நீயும் மாப்பிள்ளையும் நேரத்துக்குச் சாப்பிட்டு, நேரத்துக்குத் தூங்கி நல்லபடியா இருப்பீங்கன்னு நம்பறேன். இங்க நானும் அம்மாவும் இந்த வரி எழுதற வரைக்கும் சௌக்கியம். ஏன் இப்படி எழுதறேன்னு படிச்சா புரியும். போன்ல சொல்ல வேண்டியதை எதுக்கு எழுதறார்னு பதறாதே. எனக்குக் காது மந்தம், ஸ்பீக்கர்ல போட்டாத்தான் கேட்கும், போட்டதும் உங்கம்மா வந்து பக்கத்துல உட்கார்ந்துடுவா. அவளுக்குத் தெரியாம உன்கிட்ட ஒரு வார்த்தை பேச எனக்கு வேற வழியில்லைம்மா.

விஷயம் அந்த நட்டுதான். முன் அறையில என் தையல் மிஷின், பின் அறையில அவளோட மரம் கடையற மிஷின், உனக்குத் தெரிஞ்சதுதானே. அவ வேலை பார்த்த பட்டறையில ஓரமாக் கிடந்ததை ஓய்வு பெற்ற கையோட வாங்கிட்டு வந்தா. அதுல மரத்தை மாட்டணும்னா ஒரு பலகை வட்டு வேணும், வட்டு நடுவுல நட்டைப் பதிச்சு மிஷின் தண்டுல திருகணும். கடையில விக்கிறது எதுவும் அந்தக் கிழட்டுத் தண்டுக்குச் சேராது, அதனால வட்டை அவளே செஞ்சுக்கறா. நட்டுக்கு எங்க போவா? மிஷினோட வந்த ஒண்ணும் தேஞ்சு போச்சு. இரும்புக்கடை, பழைய சாமான் கடைன்னு எல்லாம் ஏறி இறங்கினோம், நான் பையைத் தூக்கிட்டுப் பின்னாடியே போனேன், இந்த மரை, அதான் நட்டுக்குள்ள சுத்திச் சுத்தி ஓடற பள்ளம், இப்ப எங்கயும் வர்றதில்லைன்னு எல்லாரும் கையை விரிச்சுட்டாங்க. அப்பத்தான் லீவு நாள்ல மாப்பிள்ளையையும் இழுத்துக்கிட்டு, மழையில நனைஞ்சு கடை கடையா அலைஞ்சு நாலு நட் வாங்கி அனுப்பினே. அதைப் பிரிச்சப்ப உங்கம்மா முகத்தை நீ பார்த்திருக்கணும்.

அது சேரலைம்மா. அகலம் சரியா இருக்கு, மரைதான் வேற. ஜிப்புல ஒரு பக்கம் பெரிய பல்லும் மறு பக்கம் சின்னப் பல்லும் இருந்தா என்ன ஆகும், அதே கதைதான். ரெண்டு சுத்து ஏறுது, அப்புறம் இறுகி நின்னுடுது. அந்த ரெண்டு சுத்தை நம்பித்தான் உங்கம்மா மிஷினை ஓட்டிட்டிருக்கா! போன வாரம் நான் ஒரு சட்டைக்குக் கை வெட்டிட்டிருந்தேன், பின் அறையில டமார்னு ஒரு சத்தம், இந்தச் செவிட்டுக் காதுக்கே கேட்டுது. ஓடிப்போய்ப் பார்த்தா கிண்ணம் வட்டோட கழண்டு பறந்து, சுவர்ல சிமெண்டு பேர்ந்து கிடக்கு, சரியா அவ காது உயரத்துக்கு. அவ உளியைப் பிடிச்சபடி நிக்கறா, ஒண்ணுமில்லீங்க, கை நழுவிடுச்சுங்கறா. அந்தச் சத்தத்துல என் கத்திரி தாறுமாறா ஓடியிருக்கு. அந்தச் சட்டைக்கு ஒரு கை குட்டையாயிடுச்சு, துணி கொடுத்தவர்கிட்ட வாங்கிக் கட்டிக்கிட்டேன், அது போகட்டும்.

மறுநாளே நீ போன்ல கேட்டியே, நட் சரியா இருந்துச்சாம்மான்னு. அளவெடுத்துச் செஞ்ச மாதிரி இருக்குடின்னா. நான் பக்கத்துல வாயைத் திறந்தேன், கண்ணாலயே அடக்கிட்டா. போனை வெச்சதும் அவளை ஒரு பிடி பிடிச்சேன். தெருக்கோடிக்கு இப்பத்தான் ஒரு இரும்பு கடையறவர் வந்திருக்கார், தண்டை அளந்து புது நட்டுக்கு மரை வெட்டித் தர்றேன்னு அவரே சொல்றார், வான்னு கூப்பிட்டேன். குழந்தை அவ்வளவு அலைஞ்சு வாங்கினதை ஒதுக்கிட்டு வேற செய்யறதா, கேட்டா அவ மனசு கஷ்டப்படாதான்னு எனக்கே திருப்பிப் பாடம் எடுத்தா.

இப்ப உன் புது வீட்டுக்குன்னு ஒரு பெரிய கிண்ணம் கடையப் போறாளாம். கட்டையை என்னால ஒத்தைக் கையில தூக்க முடியலை. இன்னும் கொஞ்சம் காயணும், அடுத்த மாசம் ஏத்துவேங்கறா. சின்னக் கிண்ணமே சுவரைப் பேர்த்துச்சு, இது என்ன பண்ணும்னு நினைச்சா சோறு இறங்க மாட்டேங்குது.

இரு, மிஷின் ஓடற அதிர்வு நின்னுடுச்சு. பார்த்துட்டு வர்றேன்.

ஒண்ணுமில்லை, மூக்குக்கண்ணாடியைத் துடைச்சுட்டிருந்தா. மூணு நட்டைக் காணோம், பார்த்தீங்களான்னு கேட்டா. பார்க்கலையேன்னு சொல்லிட்டேன். அந்த மூணும் இதோட வர்ற துணிப்பையில இருக்கு, நான் தைச்ச பைதான், பிரிஞ்சு போகாது. நாலாவது அவ வட்டுல பதிஞ்சு கிடக்கு, அதை என்னால எடுக்க முடியலை. நீதான் எடுக்கணும். இது கிடைச்சதும் அம்மாவுக்குப் போன் போட்டு, நான் மரை பார்க்காம வாங்கிட்டேன், அது ஆகாது, தூக்கிப் போடுன்னு நீயாச் சொல்லிடு. நான் எழுதினதா மூச்சு விடாதே. நீ சொன்னா கேட்பா, நான் சொன்னா எதைக் கேட்டிருக்கா?

ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் விட்டுக்கொடுக்காம நூறு வருஷம் நல்லா இருங்க. மாப்பிள்ளையை மழையில அலைய விடாதே. போன் போட மறந்துடாதே கண்ணு.

உன் வரவைவிட இப்போ உன் போனுக்குக் காத்திருக்கும்,
அப்பா

உறை ஒட்டறதுக்கு முன்னாடி இன்னொரு தடவை போய்க் கெஞ்சிப் பார்த்தேன். என் பொண்ணு வாங்கினதுங்க, அது என்னை ஒண்ணும் பண்ணாதுன்னு சிரிக்கறா. அது இரும்பும்மா. யார் வாங்கினதுன்னு அதுக்குத் தெரியுமா?