புகாரில் எட்டுக் கையெழுத்து

பிப்ரவரி 6

அன்புள்ள அக்காவுக்கு,

நலமா என்று கேட்டுத்தான் கடிதத்தைத் தொடங்க வேண்டும். ஆனால் ஐந்து நாளுக்கு முன் உன்னை நேரிலேயே பார்த்தேன். மூன்று மணி நேரம் உன் குடைக்குப் பின்னாலேயே நடந்தேன். அப்போது கேட்காதவன் இப்போது கேட்டால் நீ சிரிப்பாய். போன் பண்ணலாம் என்று நாலு தடவை எடுத்து வைத்தேன். போன் என்றால் எதையாவது சொல்லிச் சமாளித்துவிடுவேன். அதனால்தான் எழுதுகிறேன்.

கோட்டை வாசலில் நாங்கள் பஸ்ஸை விட்டு இறங்கினோம். மஞ்சள் குடையும், கழுத்தில் அட்டையுமாக நீ நின்றாய். முகமெல்லாம் சிரிப்பாக ஒரு அடி முன்னால் எடுத்து வைத்தாய். நான் குனிந்து ஷூ லேஸைக் கட்டினேன். அது அவிழவே இல்லை அக்கா.

காரணம் சொன்னால் காறித் துப்புவாய். ஆபீசில் உன்னைப் பற்றி அளந்து வைத்திருந்தேன். "எங்க அக்கா அந்தக் கோட்டை ஊர்ல ஆராய்ச்சி பண்றாங்க, புத்தகம் எழுதறாங்க" என்று. அது சும்மா டீ குடிக்கும்போது சொன்னது. பிறகு இந்தச் சுற்றுலா முடிவானது. மேலாளர், "அப்ப உங்க அக்காவையே சுத்திக் காட்டச் சொல்லிடலாமே" என்றார். "அவங்க ஒரு கருத்தரங்குக்கு வெளிநாடு போயிருக்காங்க சார்" என்றேன். வெளிநாட்டில் இருக்க வேண்டியவள் குடையோடு வாசலில் நின்றால் நான் என்ன செய்வேன்?

நீ நன்றாகப் பேசினாய். கடலைப் பார்த்து நிற்கும் அந்தப் பெரிய பீரங்கியைக் காட்டி, "இருநூறு வருஷமா இங்கதான் இருக்கு, ஒரு தடவைகூடச் சுட்டதில்ல. எங்க ஆபீஸ்லயும் இப்படி ஒருத்தர் இருக்கார்" என்றாயே, எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நானும் சிரித்தேன். நம்ம அக்கா என்று ஒரு கணம் சொல்ல வாயெடுத்தேன். அவ்வளவுதான்.

மதிலில் மேலாளர் விஷயத்தில் நடந்ததற்கும் வருத்தம். அவர் கோபக்காரர், இரண்டு நாளில் மறந்துவிடுவார். நீ மனதில் வைத்துக்கொள்ளாதே.

உன் தம்பி

பிப்ரவரி 14

அன்புத் தம்பிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. கையெழுத்து இன்னும் கோழி கிளறின மாதிரிதான் இருக்கிறது. ஷூ லேஸ் விஷயத்தை விடு. இனிமேல் லேஸ் இல்லாத ஷூ வாங்கு.

என்னை ஆராய்ச்சியாளர் ஆக்கியதற்கு நன்றி. புத்தகம் எந்த அளவில் இருக்கிறது என்று சொன்னால் மீதியையும் எழுதி முடித்துவிடுவேன். வருகிறவர்கள் பட்டியலில் உன் பெயரைப் பார்த்ததும், வேறொரு வழிகாட்டியிடம் கெஞ்சி அந்த முறையை வாங்கிக்கொண்டேன். அவருக்குப் பதிலாக இரண்டு ஞாயிற்றுக்கிழமை நான் நடக்க வேண்டும் என்று பேச்சு. இப்போது நடக்க முடியாது. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

உங்கள் மேலாளர் மறக்கவில்லை. என்மேல் புகார் வந்திருக்கிறது. விருந்தாளியைப் பார்த்துக் கத்தினேனாம், சட்டையைப் பிடித்துத் தள்ளினேனாம், அவர் முழங்காலில் அடிபட்டதாம். அடிபட்டது உண்மை. தென்மேற்கு மூலையில் மதில் கைப்பிடிச் சுவரின்மேல் ஏறி நின்று படம் எடுத்துக்கொண்டார். அந்தக் கல் ஆடும், எங்களுக்குத் தெரியும். கீழே நாற்பது அடி, அதற்குக் கீழே பாறை. "இறங்குங்க சார்" என்று மூன்று தடவை சொன்னேன். மூன்றாவது தடவை கல் அசைந்தது. சட்டையைப் பிடித்து இழுத்தேன். என் பக்கமாக விழுந்தார். மனைவிக்கு முன்னால், தனக்குக் கீழே வேலை செய்கிறவர்களுக்கு முன்னால் விழுந்தார். அதுதான் வலி என்று நினைக்கிறேன், முழங்கால் அல்ல.

என் வழிகாட்டி அட்டையை வாங்கி வைத்துக்கொண்டார்கள். மார்ச் 6, வியாழக்கிழமை விசாரணை. அதுவரை டிக்கெட் கிழிக்கும் ஜன்னலில் உட்கார்ந்திருக்கிறேன். இருபத்திரண்டு வருஷம் நடந்த கால், உட்கார்ந்தால் மரத்துப் போகிறது.

புகார்த் தாளை எனக்கு இன்னும் காட்டவில்லை. ஒன்பது பேர் வந்தீர்கள், புகாரில் எட்டுக் கையெழுத்துத்தான் இருக்கிறதாம். குமாஸ்தா சொன்னார். போடாத அந்த ஒருத்தன் யார் என்று எனக்குத் தெரியும். அது போதும் எனக்கு. அன்றைக்கு நீ பேசாததெல்லாம் அந்த நிமிஷமே போய்விட்டது.

நீ கண்ணால் பார்த்ததை ஒரு பக்கம் எழுதி, கையெழுத்துப் போட்டு, விசாரணை அதிகாரிக்கு அனுப்பு. அக்கா என்று எழுத வேண்டாம், வந்தவர்களில் ஒருவன் என்று எழுது. கையெழுத்திட்ட தாள்தான் செல்லுமாம். நேரத்துக்குச் சாப்பிடு. கன்னம் ஒட்டிப் போயிருந்தது.

உன் அக்கா

பிப்ரவரி 22

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதத்தை ஒரு வாரமாகச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு அலைகிறேன். பதில் எழுத உட்கார்ந்தால் கை வரமாட்டேன் என்கிறது. சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். போடாத அந்த ஒருத்தன் நான் இல்லை.

திரும்பி வரும்போது பஸ்ஸிலேயே எழுதினார்கள். எங்கள் கணக்கர் எழுதினார், மேலாளர் காலை முன் சீட்டில் நீட்டிக்கொண்டு வாசகம் சொன்னார். ஒவ்வொரு சீட்டாகத் தாள் பின்னால் வந்தது. பஸ் குலுங்கியது, எல்லோரும் அதைச் சாக்காக வைத்துச் சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார்கள். என்னிடம் வந்தபோது ஆறு கையெழுத்து இருந்தது. பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு, வண்டி நிற்கட்டும், அப்புறம் போடலாம் என்று நினைத்தேன். பக்கத்துச் சீட்டுக்காரர், "என்ன யோசனை? உங்களுக்கு என்ன, அந்தம்மா சொந்தமா?" என்றார். "சேச்சே" என்றேன். போட்டுவிட்டேன். ஏழாவது கையெழுத்து என்னுடையது.

அந்தச் சேச்சேயை நான் இவ்வளவு நாளாக வாயில் வைத்துக்கொண்டு சோறு தின்கிறேன் அக்கா.

போடாதது மேலாளர் வீட்டம்மா. பஸ்ஸில் ஏறியதிலிருந்து இறங்கும் வரை பேசாத மனுஷி. தாள் அவரிடம் போனபோது, "கண்ணாடி கொண்டுவரல, என்ன எழுதியிருக்குன்னு தெரியல" என்றார். கண்ணாடி அவர் தலைமேல் இருந்தது. எல்லோரும் பார்த்தோம். யாரும் சொல்லவில்லை.

நீ என்னை அந்த இடத்தில் வைத்து நினைத்துக்கொண்டாய். படித்தபோது, அப்படியே விட்டுவிடலாமா என்றுகூடத் தோன்றியது. தாளை உன்னிடம் காட்டாமலே போய்விட்டால் என்ன என்று கணக்குப் போட்டேன். இதையும் சொல்லிவிடுகிறேன், எல்லாவற்றையும் சொல்லித்தானே ஆக வேண்டும்.

எழுதித் தருகிறேன். தராமல் விடமாட்டேன். ஆனால் பதவி உயர்வுப் பட்டியல் மார்ச் முதல் வாரத்தில் வருகிறது. மேலாளர் கையில்தான் எல்லாம். பட்டியல் வந்த அன்றே எழுதுகிறேன். எட்டு வருஷமாகக் காத்திருக்கிறேன் என்பது உனக்குத் தெரியும்.

திட்டி எழுது. தயவுசெய்து திட்டி எழுது.

உன் தம்பி

மார்ச் 1

தம்பிக்கு,

உன் கடிதத்தை ஜன்னலில் உட்கார்ந்தே படித்தேன். நடுவில் ஒருவர் நாலு டிக்கெட் கேட்டார். ஆறு கிழித்துக் கொடுத்திருக்கிறேன். நல்ல மனுஷர், இரண்டைத் திருப்பிக் கொடுத்தார்.

திட்ட வரவில்லை. திட்டுவதற்கும் ஒரு தெம்பு வேண்டும்.

பட்டியல் வரட்டும். உன் பெயர் இருக்கட்டும். விசாரணை வியாழக்கிழமை காலை பத்தரை மணிக்கு. அது உனக்குத் தெரியும், இருந்தாலும் எழுதி வைக்கிறேன்.

அக்கா

மார்ச் 5

அன்புள்ள அக்காவுக்கு,

பட்டியல் நேற்றுச் சாயங்காலம் வந்தது. என் பெயர் மூன்றாவது. இன்று காலை கடிதத்தை எழுதி விரைவுத் தபாலில் போட்டுவிட்டேன். நாளை பத்தரைக்குள் வந்து சேராது என்று தபால் ஜன்னலில் இருந்தவரே சொன்னார். நேரில் வந்து கொடுத்திருக்கலாம். ஆறு மணி நேரப் பயணம்தான். பதவி வந்த மறுநாளே லீவு கேட்க வாய் வரவில்லை. வந்த பதவி எவ்வளவு பெரிய ஆளாக என்னை ஆக்கியிருக்கிறது பார்.

கடிதத்தில் வந்தவர்களில் ஒருவன் என்று எழுதவில்லை. எல்லாவற்றையும் எழுதினேன். அவர் என் கூடப்பிறந்த அக்கா, வாசலில் அவரைத் தெரியாத மாதிரி நடந்துகொண்டேன், நடந்தது எல்லாம் தெரிந்தும் பொய்ப் புகாரில் கையெழுத்துப் போட்டேன் என்று எழுதியிருக்கிறேன்.

மதியம் மேலாளர் அறைக்குப் போனேன். கதவைச் சாத்திவிட்டுச் சொன்னேன்.

"நீங்களும்தானே கையெழுத்துப் போட்டீங்க?" என்றார்.

"போட்டேன் சார். தப்பு. அவங்க என் அக்கா."

"ஆராய்ச்சி பண்றாங்கன்னு சொன்னீங்க?"

"இல்ல சார். வழிகாட்டி வேலை. இருபத்திரண்டு வருஷமா."

சொல்லும்போது நாக்கு கூசும் என்று நினைத்தேன். ஒன்றுமே ஆகவில்லை அக்கா. நாலு சாதாரண வார்த்தை. இதற்குத்தானா அவ்வளவும் என்று இருந்தது. அவர் ஃபைலைத் திறந்துகொண்டு, "சரி, போங்க" என்றார். என்ன செய்வார் என்று தெரியவில்லை. செய்யட்டும்.

நாளை என்ன ஆகிறது என்று ஒரு வரி எழுது. ஒரே ஒரு வரி போதும்.

உன் தம்பி

மார்ச் 12

அன்புத் தம்பிக்கு,

ஒரு வரியில் முடியாது. அட்டை திரும்பக் கிடைத்துவிட்டது. திங்கட்கிழமையிலிருந்து நடக்கிறேன். கால் மரத்துப் போவது நின்றது.

எப்படி என்று கேட்பாய். வியாழக்கிழமை பத்து மணிக்கு, உங்கள் மேலாளர் வீட்டம்மா தனியாக வந்து இறங்கினார், கண்ணில் கண்ணாடியோடு. என்னைப் பார்த்துத் தலையை மட்டும் ஆட்டினார். உள்ளே போய், "இவங்க புடிச்சு இழுக்கலேன்னா நான் இந்த ஊருக்கு இன்னைக்கு வேற காரியமா வந்திருப்பேன்" என்றார். அதிகாரி பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "நீங்க வந்தது உங்க வீட்டுக்காரருக்குத் தெரியுமா?" என்று கேட்டார். "இனிமே தெரியும்" என்றார் அந்த அம்மா. கால் மணி நேரத்தில் முடிந்துவிட்டது. டீ குடித்துவிட்டுப் போங்கள் என்றேன். பஸ்ஸுக்கு நேரமாயிற்று என்று போய்விட்டார்.

உன் கடிதம் மறுநாள் வந்தது. அதிகாரி என்னைக் கூப்பிட்டு உட்காரச் சொன்னார். முழுதும் படித்திருக்கிறார். "இதையும் ஃபைல்ல சேர்த்துடலாமா?" என்றார். வேண்டாம் சார் என்று கையை நீட்டினேன். கொடுத்துவிட்டார்.

ஏன் வேண்டாம் என்றேன் தெரியுமா? ஃபைலில் போனால் வழிகாட்டிகள் அறையில் எல்லோரும் படிப்பார்கள். நீ எல்லாவற்றையும் சொல்லிவிட்டாய். எனக்கும் சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது.

நீ வருவதை நான் பதினைந்து நாளாக அந்த அறையில் சொல்லிக்கொண்டிருந்தேன். என் தம்பி வருகிறான், பெரிய கம்பெனி, மேலாளரோடு வருகிறான் என்று. நீ மட்டும்தான் அளந்தாய் என்று நினைக்காதே. அன்றைக்கு உன்னைப் பார்க்கவென்றே நாலு பேர் எனக்குப் பின்னால் வாசலில் நின்றார்கள். டிக்கெட் பரிசோதகர், படகுக்காரர், என் கூட்டாளி வழிகாட்டிகள் இரண்டு பேர். நீ குனிந்தாய். நிமிர்ந்து வேறு பக்கம் பார்த்தாய். படகுக்காரர் என் காதருகே, "இதுல யாரும்மா உன் தம்பி?" என்றார்.

"வரல. கடைசி நேரத்துல காய்ச்சலாம்" என்றேன்.

யோசிக்கவே இல்லை. உனக்கு ஷூ லேஸ் வந்த மாதிரி எனக்கு அந்த வார்த்தை வந்தது. அதற்குப் பிறகு மூன்று மணி நேரமும் நான் உன்னைக் கூப்பிடாமல் இருந்தது உன் மானத்துக்காக என்று நினைத்திருப்பாய். என் மானத்துக்காக. படியில் நீ எனக்குப் பக்கத்தில் ஒரு தடவை வந்தாய், ஏதோ சொல்ல வந்தாய் என்று நினைக்கிறேன். நான்தான் குடையைச் சாய்த்துக்கொண்டு வேகமாக முன்னால் போனேன். கீழேயிருந்து அவர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அதனால் உன்மேல் கோபப்பட எனக்குப் பாதி உரிமைதான் இருக்கிறது. அந்தப் பாதியும் குறைந்துகொண்டே வருகிறது. முழுசாகப் போய்விட்டது என்று சொன்னால் பொய். ஏழாவது கையெழுத்தை நான் பார்த்தேன். தாளைக் கடைசியில் காட்டினார்கள்.

வருகிறேன் என்று எழுதுவாய், எனக்குத் தெரியும். உடனே வராதே. அறையில் தினமும் ஒருவர் மாற்றி ஒருவர், "தம்பிக்கு உடம்பு தேவலையா?" என்று கேட்கிறார்கள். நல்லவர்கள், அக்கறையாகத்தான் கேட்கிறார்கள். தேவலை என்று சொன்னால் எப்போது வருகிறான் என்பார்கள். நீ வந்து நின்றால் முகத்தை அடையாளம் கண்டுகொள்வார்கள். அன்றைக்கு வாசலில் நின்றவன் என்று. அவர்களிடம் முதலில் நான் உண்மையைச் சொல்ல வேண்டும். உனக்கு அதற்கு ஒரு மாதம் பிடித்தது. எனக்கு எவ்வளவு நாள் ஆகும் என்று தெரியவில்லை.

சொன்ன அன்றைக்கு உனக்கு எழுதுகிறேன். அதுவரை, தம்பி, உனக்குக் காய்ச்சலாகவே இருக்கட்டும்.

உன் அக்கா