தொடையில் குடிக்குறி, காதில் மஞ்சள் தகடு

அனுப்புநர்:
கனகசிங்கம் கம்சாயினி,
குளக்கட்டு வீதி,
கரடியனாறு,
மட்டக்களப்பு.

பெறுநர்:
மாவட்ட இணைப்பாளர் அவர்கள்,
புதிய இளம் பண்ணையாளர் உதவித் திட்டம்,
மட்டக்களப்பு.

விடயம்: திட்டத்தில் எனக்குத் தந்த மாட்டை மாற்றிவிட்டேன் என்ற ஐயத்தை நீக்கி, மாட்டைத் திருப்பிக் கேட்கும் உத்தரவை நிறுத்தி வைக்குமாறு கோருதல்.

மதிப்புக்குரிய ஐயா,

1. சென்ற மாதம் எங்கள் வீட்டுக்கு மாடு பார்க்க வந்த மேற்பார்வை உத்தியோகத்தர் முதலில் மாட்டின் பின் தொடையைத்தான் பார்த்தார். காதைப் பார்க்கவில்லை. நான் அதை அப்போதே கவனித்தேன். அன்று சொல்லியிருக்க வேண்டியதை இப்போது எழுதுகிறேன். எனக்குப் பேசுவதைவிட எழுதுவது சுலபம்.

2. எனக்கு வயது பதினேழு. பத்தாம் ஆண்டில் படித்துக்கொண்டிருந்தபோது அம்மாவுக்கு முதுகில் சத்திரசிகிச்சை நடந்தது. வீட்டைப் பார்ப்பதற்காகப் பாடசாலைக்குப் போகாமல் நின்றேன். அம்மா எழுந்து நடக்கும்போது என்னோடு படித்தவர்கள் அடுத்த வகுப்புக்குப் போய்விட்டார்கள். சின்னப் பிள்ளைகளோடு போய் உட்கார வெட்கமாக இருந்தது, அதனால் நின்றுவிட்டேன். அப்பா ஓட்டமாவடியில் அரிசி ஆலை ஒன்றில் மூடை தூக்குகிறார். எங்களுக்கு வயல் இல்லை. மாடும் இருந்ததில்லை.

தங்கள் திட்டத்தின் அறிவித்தலைச் சங்கக் கடைச் சுவரில் கண்டேன். "பாடசாலையை விட்டு விலகியவர்களும் விண்ணப்பிக்கலாம்" என்று அதில் ஒரு வரி இருந்தது. அந்த வரிக்காகவே விண்ணப்பித்தேன். அதை எழுதியவர் யாரென்று தெரியாது. அவருக்கு என் நன்றியைத் தெரிவிக்குமாறு தங்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

3. பயிற்சி வகுப்பில் போதனாசிரியை கைறுன்னிஸா அவர்கள் ஒவ்வொருவரையும் எழுந்து நின்று பேசச் சொன்னார். என் முறை வந்ததும் நான் எழுந்தேன், ஆனால் பேசவில்லை. பின்னால் இருந்தவர்கள் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. "வாயால சொல்ல ஏலாட்டிப் பரவால்ல மகள், கையால செஞ்சி காட்டுங்க" என்று என்னை மாட்டுக்குப் பக்கத்தில் இருத்தினார். அன்று நான் பால் கறந்தேன். அதற்குப் பிறகு யாரும் சிரிக்கவில்லை. மடிவீக்கம் வந்தால் எப்படித் தெரிந்துகொள்வது, மழை நாளில் கொட்டிலுக்குள் எப்படி ஈரம் சேராமல் வைப்பது, எல்லாம் அவர் சொல்லித் தந்தவைதான்.

4. சென்ற சித்திரைக்குப் பிறகு திட்டத்தால் எனக்கு இன்னும் ஈனாத ஒரு சினை நாகு தரப்பட்டது. சிவப்பு நிறம், நெற்றியில் வெள்ளைச் சுட்டி, இடது காதில் திட்டத்தின் இலக்கம் போட்ட மஞ்சள் தகடு. கொட்டிலுக்குத் தகரமும், ஈனும் வரைக்கும் தீவனமும் தந்தீர்கள். மார்கழி மழைக்குள் அது நாகு கன்று, அதாவது பெண் கன்று, ஒன்றை ஈன்றது. இப்போது காலையில் பால் சேகரிப்பு நிலையத்துக்குப் போகிறேன். அங்கே வரிசையில் நிற்பவர்களை "இன்னாரின் மகள்", "இன்னாரின் பெண்சாதி" என்று கூப்பிடுவார்கள். என்னைக் "கம்சாயினி" என்று கூப்பிடுகிறார்கள், பால் என்னுடையது என்பதனால். என் பெயரை இத்தனை பேர் முன்னால் யாரும் சத்தமாகச் சொன்னதில்லை. முதல் நாட்களில் தலை குனிந்துகொண்டு போனேன். இப்போது "ஓம்" என்று சொல்கிறேன்.

அம்மாவின் மருந்தை இந்தப் பாலில்தான் வாங்குகிறோம்.

5. முதல் கன்று நாகாக இருந்தால், பால்குடி மறந்ததும் அதை அடுத்த புதிய பயனாளி ஒருவருக்குக் கொடுக்க வேண்டும் என்பது திட்டத்தின் நிபந்தனை. என் கன்று மாங்கேணியைச் சேர்ந்த அஜந்தாவுக்கு என்று தங்கள் அலுவலகமே தீர்மானித்தது. அஜந்தா பயிற்சியில் எனக்குப் பக்கத்தில் இருந்தவர். கன்று பிறந்தது தெரிந்த நாளிலிருந்து தொலைபேசியில் அழைத்து, என்னைச் சுகம் கேட்பதற்கு முன், "என்ட கண்டுக்குட்டி என்ன செய்யுது?" என்றுதான் கேட்கிறார். அவர் தம் வீட்டில் கொட்டிலும் கட்டிவிட்டார். கன்றைக் கொடுக்க எனக்கு மனக்குறை இல்லை. எனக்கு வந்ததுபோல இன்னொருவருக்கும் போகவேண்டும் என்றே விரும்புகிறேன்.

6. இனித் தொடையில் உள்ள குறி பற்றி விளக்குகிறேன். தயவுசெய்து இந்தப் பகுதியைப் பொறுமையாக வாசிக்கவும்.

எங்கள் பக்கத்தில் பெரும்போகத்துக்கு வயல் வட்டை முழுவதும் நெல் விதைத்துவிட்டால் ஊருக்குள் மாடு மேய இடம் இருக்காது. பட்டி மாடுகளை மேற்குப் பக்கத்து மேய்ச்சல் காட்டுக்குக் கொண்டுபோய்விடுவார்கள். நான் வாய்க்கால் கரையில் புல் அறுத்துப் போட்டு முடிந்த மட்டும் சமாளித்தேன். மழை தொடங்கி வாய்க்கால் கரை மூடியதும் புல் கிடைக்கவில்லை. எனவே அம்மாவின் தம்பி யோகராசா மாமாவின் பட்டியோடு என் மாட்டையும் அனுப்பத் தீர்மானித்தோம். மாமாவுக்கு மாடுகள் உண்டு. அவருடைய மாடுகள் வேறு, எங்கள் வீடு வேறு. அவருடைய மாட்டில் எங்களுக்குப் பங்கு எதுவும் இல்லை என்பதைக் கிராம உத்தியோகத்தரிடம் கேட்டு அறியலாம்.

மேய்ச்சல் காட்டில் பலருடைய மாடுகள் ஒன்றாகக் கலந்து நிற்கும். குறி சுடாத மாட்டை மேய்ப்பவர்கள் பொறுப்பெடுக்கமாட்டார்கள். காதில் தகடு இருக்கிறது என்று அம்மா சொன்னபோது மாமா, "காதில தோடு போட்டிரிக்கி. கலியாணத்துக்கா வெளிக்கிட்டிரிக்கி உன்ட மாடு?" என்று என்னைப் பகிடி பண்ணினார். பிறகு, "மருமகள், காட்டுக்குள்ள தோட்டப் பாத்து ஆரும் மாடு தேடுறல்ல, குறியப் பாத்துத்தான் தேடுற" என்றார். அவர் சொன்னதும் உண்மைதான். சேறு பிடித்தால் தகடு தூரத்துக்குத் தெரியாது.

எங்களில் பிள்ளைகளுக்குத் தாயின் குடிதான், அதாவது தாய்வழி வம்சந்தான், குடி. ஆகவே அம்மாவுக்கும், மாமாவுக்கும், எனக்கும் குடி ஒன்று. குடிக்கு ஒரு குறி உண்டு. எங்களுடையது வில்போல வளைந்த ஒரு கோடும் அதன் நடுவில் ஒரு புள்ளியும். ஒரே குடியில் பலருக்கு மாடு இருப்பதனால், குடிக்குறிக்குக் கீழே உரிமையாளரின் பெயரில் முதலெழுத்தையும் சுடுவது வழக்கம். மாமாவின் மாடுகள் எல்லாவற்றிலும் வில்லுக்குக் கீழே "யோ" என்று இருக்கும். எனக்குக் "க" என்ற எழுத்தில் சூட்டுக்கோல் செய்யச் சொல்லியிருந்தோம். விதைப்புக் காலம் என்பதனால் கொல்லருக்கு நேரம் கிடைக்கவில்லை. பட்டி புறப்படும் நாள் வந்துவிட்டது. எனவே குடிக்குறியை மட்டும் சுட்டு, எழுத்தைப் பிறகு போடலாம் என்று விட்டோம்.

குறி சுட்டபோது நான் மாட்டின் முகத்தைக் கட்டிப் பிடித்திருந்தேன். புண்ணுக்கு மஞ்சளும் தேங்காய் எண்ணெயும் பூசினேன். அம்மா, "நம்மட குடிக்குறி விழுந்திட்டு. இனி இது உன்ட மாடுதான், ஆரும் கேக்க ஏலா" என்றார். அம்மாவுக்கு அவ்வளவு சந்தோசம். திட்ட மாட்டுக்குக் குறி சுடுவதென்றால் அலுவலகத்துக்கு அறிவிக்க வேண்டும் என்பது எங்கள் எவருக்கும் தோன்றவில்லை. ஊரில் மாடு வாங்கினால் முதலில் செய்வது அதுதான்.

7. உத்தியோகத்தர் வந்த அன்று அம்மா மாதாந்த சிகிச்சைக்காக வைத்தியசாலைக்குப் போயிருந்தார். நான் தனியே இருந்தேன். மாமாவின் கறவை மாடுகள் எங்கள் தெருவிலேயே கட்டி நிற்பதனால், உத்தியோகத்தர் வரும்போது அவற்றின் தொடையில் இருந்த வில்லைக் கண்டிருக்கிறார். அதே வில் என் மாட்டிலும் இருந்தது. "இது யாருடைய குறி?" என்று கேட்டார். "யோகராசா மாமாட குறிதான் சேர்" என்றேன். குறியைக் கேட்டார், குறியைச் சொன்னேன். அடுத்ததாக, "அப்போ இது அவருடைய மாடா?" என்று கேட்டார். அதற்கு இல்லை என்று சொல்லியிருக்க வேண்டும். நான் பேசாமல் நின்றதை அவர் ஆம் என்று எடுத்துக்கொண்டார்.

அவர்மீது எனக்குக் குறை எதுவும் இல்லை. அவர் மரியாதையாகவே நடந்துகொண்டார். நான் கொடுத்த பால் தேநீரைக் குடித்து, நன்றாயிருக்கிறது என்றும் சொன்னார். அவர் வேறு மாவட்டத்தைச் சேர்ந்தவர், எங்கள் குடிக்குறி பற்றி அறிந்திருக்க நியாயம் இல்லை. ஈனுவதற்காக வீட்டுக்குக் கொண்டுவரும் வரை மாடு பட்டிச் சேற்றில் படுத்து வந்ததனால் காதுத் தகடும் சேறாகி, காது மயிருக்குள் மறைந்து கிடந்தது.

8. கடந்த வாரம் தங்கள் அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. "வழங்கப்பட்ட மாடு பயனாளியின் உடைமையில் இல்லை" என்றும், அதற்குப் பதிலாக வேறொருவரின் மாடு காட்டப்பட்டது என்றும், இம்மாத முடிவுக்குள் திட்ட மாட்டை ஒப்படைக்க வேண்டும் என்றும், இந்தக் கன்றைத் திட்டக் கன்றாக ஏற்க முடியாது என்றும் அதில் இருந்தது. நான் அதை வாசிக்கும்போது மாடு எனக்குப் பின்னால் நின்று அசைபோட்டுக்கொண்டிருந்தது.

அஜந்தாவுக்கு இதை நான் இன்னும் சொல்லவில்லை. நேற்றும் அழைத்துக் கன்று எப்படி என்று கேட்டார். நன்றாக இருக்கிறது என்றேன். அது உண்மைதான்.

9. ஆகவே ஐயா, நான் பணிவாகக் கேட்டுக்கொள்வன:

மாட்டின் காதுத் தகட்டில் உள்ள இலக்கத்தைத் தங்களிடம் உள்ள இலக்கத்தோடு ஒப்பிட்டுப் பார்க்க ஒருவரை மீண்டும் அனுப்புங்கள். அதே உத்தியோகத்தர் வந்தாலும் எனக்குச் சம்மதமே. தொடையில் வில்லுக்குக் கீழே எழுத்து எதுவும் இல்லாமல் வெறுமையாக இருப்பதையும் அவர் பார்க்கட்டும். மாமாவின் மாடுகள் பக்கத்திலேயே நிற்கின்றன, அவற்றில் எழுத்து இருப்பதையும் பார்க்கலாம். அதுவரை மாட்டைத் திருப்பிக் கேட்கும் உத்தரவை நிறுத்தி வையுங்கள். கன்றைத் திட்டக் கன்றாக ஏற்று அஜந்தாவுக்கே கொடுக்க ஒழுங்கு செய்யுங்கள்.

இனி மாடு பெறும் புதியவர்களுக்கு, குறி சுடுவதற்கு முன் அறிவிக்க வேண்டும் என்று பயிற்சியிலேயே சொல்லிவிட்டால் நல்லது. எங்கள் படுவான்கரைப் பக்கத்தில் மாடு கொடுத்தால் குறி விழாமல் இருக்காது. எனக்கு நேர்ந்தது மற்றவருக்கும் நேரலாம்.

இவ்வளவு சொல்லியும் மாட்டைக் கொண்டுபோவதுதான் முடிவென்றால், கன்றை விட்டுவிட்டுத் தாயை மட்டும் ஏற்ற வேண்டாம். கன்று இன்னும் பால் குடிக்கிறது. இரண்டையும் ஒன்றாகக் கொண்டுபோய், பால் மறந்ததும் கன்றை அஜந்தாவிடம் சேர்த்துவிடுங்கள். எப்படி முடிந்தாலும், பாடசாலையை விட்ட ஒருத்தியை நம்பி ஒரு மாட்டைத் தந்ததற்கு நான் தங்களுக்கும் கைறுன்னிஸா அவர்களுக்கும் நன்றியுடையவளாக இருப்பேன்.

10. தங்கள் அலுவலகக் கடிதத்தை வாசித்துக் காட்டியதும் அம்மா அழுதார். மாமா அலுவலகத்துக்கு வந்து தாமே பேசுவதாகச் சொன்னார். அவர் பேசினால் தெருமுனை வரைக்கும் கேட்கும் என்பதனால், நானே எழுதுகிறேன் என்று அவரை மறித்தேன். பிறகு ஒரு வாளியில் தண்ணீரும் கொஞ்சம் தேங்காய்த் தும்பும் எடுத்துக்கொண்டு கொட்டிலுக்குப் போனேன். மாட்டின் இடது காதைப் பிடித்து, மயிரை ஒதுக்கி, இலக்கம் தெரியும் வரைக்கும் அந்த மஞ்சள் தகட்டைத் தேய்த்துக் கழுவினேன்.

தங்கள் திட்டத்தின் பயனாளி,

(ஒப்பம்) க. கம்சாயினி

இடம்: கரடியனாறு
திகதி: 2026.02.17