நாலு மில்லிமீட்டர்

புது பிரேக் கட்டையின் ரப்பர் வாசம் விரலை விட்டுப் போகமாட்டேன் என்கிறதடி. சோப்பு போட்டும் போகவில்லை. திருப்பதிக்கு வேலைக்குப் போகிற பஸ்ஸில் பக்கத்து சீட்டு அம்மா மூக்கைச் சுளித்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். நீ இருந்திருந்தால் என் கையைப் பிடித்து அவரிடமே நீட்டி, "மோந்து பாருங்கம்மா, ஃபாரின் செண்ட்டு" என்றிருப்பாய். உன்னிடம் ஒரு நல்ல சேதி சொல்ல வேண்டும். ஒரு சண்டையும் போட வேண்டும்.

நீ காய்ச்சலில் போன பிறகு உன் ரோடு சைக்கிள் உன் தம்பி வீட்டு மாடிப்படிக்குக் கீழே கிடந்தது. போன மாதம் அவன் போன் செய்தான். "அக்கா, திருப்பதில ஒரு காபி கடைக்காரரு செவுத்துல மாட்டறதுக்கு அத்த கேட்டுக்கினே கீறாரு. பழைய வண்டி, பாக்க ஷோவா இருக்குமாம். குட்த்துடட்டுமா?"

எனக்கு வந்ததே கோபம்! சித்தூரிலிருந்து பலமனேர் வரை மேடேறிய வண்டி அது. அதைச் சுவரில் மாட்டிவிட்டுக் கீழே உட்கார்ந்து கேக் தின்பார்களா? நானே ஓட்டுகிறேன் என்றேன். "பிரேக்கே புடிக்கலியேக்கா. புட்ச்சா எட்த்துக்கினு போ, இல்லன்னா செவுருதான்" என்றான். கோபப்பட்டாலும் அவனைக் குறை சொல்ல முடியவில்லை. ஒரு அக்காவைப் பறிகொடுத்தவன்.

பழைய பிரேக் லொடலொடவென்று ஆடியது. மொபைலில் பார்த்துப் பளபளப்பாக ஒரு ஜோடி வாங்கினேன். மாட்டினால், கட்டை ரிம்மைப் பிடிக்காமல் டயரைப் போய்க் கடிக்கிறது. திருப்பதிக் கடையில் காட்டினேன். "மேடம், இந்த ஃபோர்க்குக்கு இப்ப வர்றது எதுவும் செட் ஆவாது. ஃபோர்க்கயே மாத்திடலாம்" என்றார்கள். முன்சக்கரத்தைத் தாங்குகிற உன் ஃபோர்க்கையே கழற்றிப் போட்டுவிட்டு அதை உன் வண்டி என்று எப்படிச் சொல்வது?

வீட்டுக்கு வந்து ஸ்கேலை எடுத்தேன். பிரேக்கை முடுக்குகிற ஓட்டையின் நடுவிலிருந்து, ரிம்மில் கட்டை பதிய வேண்டிய பட்டையின் நடு வரைக்கும் அளக்க வேண்டும். வாங்குவதற்கு முன்பே செய்திருக்க வேண்டிய வேலை. ஐம்பத்தெட்டு மில்லிமீட்டர் வந்தது. நான் வாங்கியது ஐம்பதைக்கூட எட்டாது. ஆனால் உன் பழைய பிரேக்கும் ஐம்பத்தைந்துக்கு மேல் எட்டாத ரகம்தான். பிறகு எதை வைத்துக்கொண்டு இத்தனை நாள் ஓட்டினாய்? கழற்றிப் பார்த்தேன். கட்டையை மேலும் கீழும் நகர்த்துகிற துவாரத்தின் அடியை அரத்தால் ராவி வைத்திருந்தாய். அப்படியும் கட்டையின் கீழ்ப்பாதிதான் ரிம்மில் பட்டுத் தேய்ந்திருந்தது.

அப்போதுதான் உறைத்தது. உன் வண்டிக்கு உரியது பெரிய சக்கரம். அதற்கு டயர் கிடைக்காமல் நீ அல்லாடியபோது, என்னிடமிருந்த பழைய சக்கர ஜோடிக்கு ரிப்பன் கட்டி உன் பிறந்தநாளுக்குக் கொடுத்தவள் நான். அது கொஞ்சம் சின்னது. ரிம் நாலு மில்லிமீட்டர் கீழே இறங்கிவிட்டது. நீயோ, "சூப்பரா கீதுடி" என்று என் கன்னத்தைக் கிள்ளினாய்.

அதற்குப் பிறகுதானே திரும்பி வருகிற வழியில், மொகிலி மலை இறக்கத்தில், நீ பின்தங்க ஆரம்பித்தாய்! சர்ச் முடிந்து நீ வர, ஞாயிறுதோறும் பலமனேர் போய்த் திரும்புவோம். நான் என் மஞ்சள் சட்டையில் சல்லென்று இறங்கி, கீழே வேர்க்கடலை வாங்கி வைத்துக் காத்திருப்பேன். நீ ஊர்ந்து வருவாய். "வந்துச்சுடா ஆமை" என்பேன். "தொந்தரெந்துகே? இன்னா அவசரம்? எனக்கு வளைவுன்னா பயம்டி" என்று என் பொட்டலத்தில் கை விடுவாய். பயமாம் பயம்! வேலூர் டிராபிக்கில் லாரிகளுக்கு நடுவே புகுந்து போனவளுக்கு வளைவைக் கண்டால் பயமா? சொன்னால் என் முகம் வாடிவிடும் என்று சொல்லாமலே இருந்துவிட்டாய். பாவி, அதற்காக உயிரோடு விளையாடுவார்களா? இதுதான் உன்னோடு என் சண்டை.

ஐம்பத்தைந்திலிருந்து எழுபத்து மூன்று வரை எட்டுகிற நீளக்கை பிரேக் ஒன்று இருக்கிறது. அதிலும் நட்டு ஃபோர்க்குக்கு உள்ளே போய் உட்காரும் ரகம் உன் வண்டிக்கு ஆகாது. ஃபோர்க் ஓட்டையைப் பெரிதாக்கித் தருகிறேன் என்றார் ஒரு மெக்கானிக். வண்டியைத் தொடவே விடவில்லை. வெளியே நட்டு போடுகிற நீள போல்ட் வைத்த ஜோடியைத் தேடிப் பிடித்து வாங்கினேன். உன் தம்பி தெருக்கோடி வரை ஓட்டிப் போய்ச் சடாரென்று நிறுத்திப் பார்த்தான். "புடிக்குதுக்கா" என்றான். பிறகு ஹேண்டில்பாரை விட அவனுக்கு மனசு வரவில்லை.

போன ஞாயிறு உன் வண்டியில் மொகிலி இறங்கினேன். நடு இறக்கத்தில், பெரிய வளைவுக்கு முன்னால், இரண்டு பிரேக்கையும் அழுத்தினேன். அப்படியே நின்றது. எனக்குக் கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்துவிட்டது. தக்காளி ஏற்றி வந்த வேன்காரர் வேகத்தைக் குறைத்து, "இன்னாம்மா, வண்டி ரிப்பேரா?" என்றார்.

"இல்லண்ணா, நல்லா கீது" என்றேன்.

அவர் போன பிறகு மீதி இறக்கத்தை நான் ஊர்ந்தேதான் இறங்கினேன். பிரேக் பிடிக்காமல் இல்லை. நீ வாராவாரம் என்ன பார்த்துக்கொண்டு வந்தாய் என்று எனக்குத் தெரிய வேண்டியிருந்தது. மாந்தோப்பு, பாறை மேல் ஆடுகள், கீழே தூரத்தில் ரோட்டோரம் ஒரு வேர்க்கடலை வண்டி. அங்கே நின்றால், இறங்கி வருகிறவளுக்கு வழி முழுக்க என் மஞ்சள் சட்டை தெரியும்.